இறங்கி ஏறும் கணக்கு: சிங்கப்பூர்ப் பேருந்து வலையமைப்பு பற்றி ஒரு மதிப்புரை

சுவா சூ காங்கில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து தேக்கா சந்தைக்குச் செல்ல இரண்டு வழிகள் இருக்கின்றன. 67ஆம் எண் பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால், அது புக்கிட் பாஞ்சாங்கைக் கடந்து, புக்கிட் தீமா நெடுகிலும் நின்று நின்று சென்று, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லிட்டில் இந்தியாவில் இறக்கிவிடும். மற்றொரு வழி, ஏதேனும் ஒரு பேருந்தில் புக்கிட் பாஞ்சாங் வரை சென்று, அங்கே டௌன்டவுன் ரயில் பாதைக்கு மாறுவது. ரயில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடங்களில் லிட்டில் இந்தியா நிலையத்தை அடைந்துவிடும். எழுபது வயதைத் தாண்டிவிட்ட என் அம்மா முதல் வழியைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. “ஏறினா தேக்காவுலதான் எறங்கணும், நடுவுல என்ன வேலை?” என்பது அவருடைய வாதம். நானோ இரண்டாவது வழிக்காரன். அம்மாவின் தேர்வை வெறும் பழக்கம் என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அண்மையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தபோது என் எண்ணம் ஆட்டங்கண்டது. இந்த மதிப்புரை அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

நான் இங்கே மதிப்பிட எடுத்துக்கொள்வது ஒரு பேருந்தையோ ஒரு நிறுவனத்தையோ அன்று. முந்நூறுக்கும் மேற்பட்ட தடங்களும் ஏறத்தாழ 5,000 நிறுத்தங்களும் கொண்ட முழு வலையமைப்பை, அதாவது வரைபடத்தில் கோடுகள் போடப்பட்டிருக்கும் விதத்தை. வண்டியின் குளிர்சாதனம், இருக்கை, தூய்மை, ஓட்டுநரின் பண்பு ஆகியவற்றில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை என்பதால் அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. நான் போக்குவரத்துத் துறையில் வேலை பார்ப்பவன் அல்லன். அலுவலகத்தில் எண்களோடு உழல்பவன், வார இறுதிகளில் பேருந்துத் தரவுகளைப் பிரித்துப் பார்ப்பதில் ஆர்வம் கொண்டவன், அவ்வளவே.

ஒரு வலையமைப்பை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு தடத்தில் வண்டி புறப்பட்டுப் போய்த் திரும்பி, ஓட்டுநர் சற்று ஓய்வெடுத்து, மீண்டும் புறப்பட 150 நிமிடங்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டுமானால் அந்தத் தடத்துக்குப் பதினைந்து வண்டிகள் தேவை. ஒரு குடியிருப்புப் பேட்டைக்காரர்கள் எங்கள் வாசல் வழியாகவும் வண்டி வர வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்காகப் போகும்போது ஐந்து நிமிடமும் வரும்போது ஐந்து நிமிடமும் சுற்ற வைத்தால், சுற்றுக்கு 160 நிமிடங்கள் ஆகிவிடுகின்றன. இப்போது ஒன்று, பதினாறாவது வண்டியும் அதற்கான ஓட்டுநர்களும் வேண்டும். அல்லது பத்து நிமிட இடைவெளி பத்து நிமிடம் நாற்பது விநாடியாக நீள வேண்டும். இரண்டில் எது நடந்தாலும், வண்டிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் அனைவரும் ஐந்து நிமிடத்தை இழக்கிறார்கள். தடம் வரைபவரின் மேசையில் ஒவ்வொரு நாளும் நடப்பது இந்தப் பேரம்தான். வண்டிகளின் எண்ணிக்கை இவ்வளவு என்று நிர்ணயமாகிவிட்ட பிறகு, எல்லார் வாசலுக்கும் நேரடித் தடம் என்று பரப்பலாம், அல்லது குறைந்த தடங்களில் அடிக்கடி வண்டி விட்டு, மக்களை இறங்கி ஏறச் சொல்லலாம். இரண்டையும் முழுமையாகச் செய்ய எந்த நகராலும் முடியாது.

பார்சிலோனா இரண்டாவது வழியைத் துணிந்து தேர்ந்தெடுத்தது. 2012 முதல் 2018 வரை படிப்படியாக அது அமைத்த புதிய வலையமைப்பில் 28 முதன்மைத் தடங்கள். எட்டு கிடையாக, பதினேழு செங்குத்தாக, மூன்று குறுக்காக. சதுரங்கப் பலகை போன்ற தெருக்கள் அந்த நகரின் நடுப்பகுதியில் ஏற்கெனவே இருந்ததால், ஒரே ஒரு முறை மாறினால் பெரும்பாலான இடங்களுக்குப் போய்விடலாம் என்ற வாக்குறுதியைக் காப்பாற்ற அதனால் முடிந்தது. சிங்கப்பூருக்கு அந்த வசதி இல்லை. நம் தீவின் நடுவே மெக்ரிச்சி, பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களும் அவற்றைச் சுற்றிய காடும் கிடக்கின்றன. அதன் ஊடே பேருந்து போக முடியாது, போகவும் கூடாது. ஆகவே நம் கோடுகள் இயல்பாகவே காட்டைச் சுற்றி வளைகின்றன, அல்லது தெற்கே நகர மையத்தை நோக்கிச் சரிகின்றன.

இந்த நில அமைப்புக்கு ஏற்ற வடிவத்தை நாம் அடைந்தது ஒரே நாளில் அன்று. 1970இல் ஆஸ்திரேலிய வல்லுநர் ஆர். பி. வில்சன் செய்த ஆய்வுக்குப் பிறகு, அதுவரை தனித்தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பல சிறு நிறுவனங்கள் இணைக்கப்பட்டன. 1973இல் அவை சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்ற ஒரே நிறுவனமாயின. 1987 நவம்பர் 7ஆம் நாள் முதல் பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) ஓடத் தொடங்கியதும், நீண்ட பேருந்துத் தடங்கள் செய்த வேலையின் ஒரு பகுதியை ரயில் எடுத்துக்கொள்ள, பேருந்தின் பங்கு வீட்டையும் ரயில் நிலையத்தையும் இணைப்பதாக மாறிக்கொண்டே வந்தது. தீவுக்குள் இருக்கும் ஒவ்வொரு குடியிருப்பு நகரத்துக்கும் ஒரு சந்திப்பு நிலையம், அதிலிருந்து அடுக்குமாடி புளோக்குகளுக்கு வளைந்து ஓடும் ஃபீடர் பேருந்துகள், நகரங்களுக்கிடையே நீண்ட தடங்கள் என்பது இன்றைய அடிப்படை வடிவம். 2002இல் தோ பாயோவில் குளிரூட்டப்பட்ட பேருந்து நிலையமும் கடைத்தொகுதியும் எம்ஆர்டி நிலையமும் ஒரே கூரையின்கீழ் வந்தபோது, இறங்கி ஏறுவதை ஒரு தண்டனையாக இல்லாமல் ஆக்க வேண்டும் என்ற எண்ணம் கட்டட வடிவத்தையும் பெற்றது. மழையில் நனையாமல் வண்டி மாறுவது சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் டிசம்பர் மாதத்து மாலையில் குடையோடும் இரண்டு பைகளோடும் ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

இந்த வலையமைப்பில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் எதுவென்று கேட்டால், கோடுகளைக் காட்டாமல் கட்டண அட்டவணையைக் காட்டுவேன். 2010 ஜூலையில் கட்டணம் முழுப் பயணத் தொலைவை வைத்துக் கணக்கிடப்படத் தொடங்கியது. அதற்கு முன்பு ஒவ்வொரு முறை வண்டி மாறும்போதும் தொடக்கக் கட்டணத்தின் ஒரு பகுதியையாவது மீண்டும் செலுத்த வேண்டியிருந்தது. மாறுகிறவருக்குக் கழிவு கிடைத்தாலும் நேராகச் செல்பவரைவிட அவரே அதிகம் கொடுத்தார். இப்போதோ ஒரே பயணத்தில் ஐந்து முறை வரை மாறலாம். இறங்கியதிலிருந்து 45 நிமிடங்களுக்குள் அடுத்ததில் ஏற வேண்டும், மொத்தப் பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், இறங்கிய அதே எண்ணில் உடனே மீண்டும் ஏறக்கூடாது என்பவைதாம் நிபந்தனைகள். பேருந்திலிருந்து ரயிலுக்கும் ரயிலிலிருந்து பேருந்துக்கும் இதுவே விதி. இது வெறும் சலுகை என்று தோன்றலாம். உண்மையில் இது தடம் வரைபவரின் கையைக் கட்டவிழ்த்துவிட்ட முடிவு. மாறினால் கூடுதல் காசு என்ற நிலை இருக்கும்வரை, ஒரு நீண்ட தடத்தைப் பிரித்து இரண்டாக்கும் எந்த முயற்சியும் ஏழைப் பயணியின் பையில் கைவைப்பதாகவே இருக்கும். அந்தத் தடை நீங்கியதும் தடங்களைப் பயனுள்ள இடத்தில் வெட்டவும் ஒட்டவும் முடிந்தது. வலையமைப்புச் சீர்திருத்தம் பேசும் பல நகரங்கள் வரைபடத்தில் தொடங்கிக் கட்டணத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. நாம் கட்டணத்தை முதலிலேயே சரிசெய்துகொண்டோம்.

ஆனால் மாறுவதற்கான காசு நீங்கியதே ஒழிய, மாறுவதற்கான நேரமும் உடல் உழைப்பும் நீங்கவில்லை. அம்மாவின் கணக்கு இங்கேதான் வருகிறது.

என் கைக்கடிகாரத்தை நம்பி எழுதுகிறேன். 67க்கு எங்கள் நிறுத்தத்தில் சராசரியாக ஆறு நிமிடம் காத்திருக்கிறோம், பிறகு அறுபது நிமிடம் பயணம். ஆக 66 நிமிடங்கள். மற்ற வழியில் புக்கிட் பாஞ்சாங் செல்லும் பேருந்துக்கு மூன்று நிமிடம், அதில் பத்து நிமிடம், இறங்கி ரயில் நடைமேடை வரை ஐந்து நிமிடம் நடை, ரயிலுக்கு இரண்டு நிமிடம், ரயிலில் இருபத்தைந்து, லிட்டில் இந்தியா நிலையத்தின் ஆழத்திலிருந்து மேலேறிச் சந்தை வாசலை அடைய ஆறு நிமிடம். ஆக 51 நிமிடங்கள். பதினைந்து நிமிட மிச்சம். நான் வழக்கமாக அம்மாவிடம் சொல்லிக் காட்டும் எண் இதுதான்.

போக்குவரத்து ஆய்வாளர்கள் இப்படிக் கூட்டுவதில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடமும் நிறுத்தத்தில் நின்று எட்டிப் பார்க்கும் ஒரு நிமிடமும் மனிதருக்குச் சமமாகத் தோன்றுவதில்லை என்பதால், காத்திருக்கும் நேரத்தையும் நடக்கும் நேரத்தையும் ஏறத்தாழ இரு மடங்காக எண்ணுவது அந்தத் துறையின் நெடுநாள் வழக்கம். அப்படிப் பார்த்தால் 67இன் கணக்கு 72 நிமிடமாகிறது. ரயில் வழியின் கணக்கு 67 நிமிடம். அதோடு, மாறும்போது ஏற்படும் தடுமாற்றத்துக்கென்று ஆய்வாளர்கள் தனியாகச் சேர்க்கும் சுமையாக ஐந்து நிமிடத்தைக் கூட்டினால் அதுவும் 72. இரண்டும் சமம். இனி, முழங்கால் வலி உள்ள ஒருவருக்கு நடையை மூன்று மடங்காக எண்ணிப் பாருங்கள்; ரயில் வழி 83 நிமிடமாகி, தோற்றுவிடுகிறது. மூத்தோர் சலுகைக் கட்டணம் 7.2 கிலோமீட்டருக்கு மேல் உயர்வதில்லை என்பதால் இரண்டு வழிகளிலும் அம்மாவுக்கு ஆகும் காசு ஒன்றுதான். அவர் பழக்கத்தால் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த மென்பொருளும் இல்லாமல் சரியான விடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான்தான் தவறான கூட்டலை வைத்துக்கொண்டு அவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

இதனால் ரயிலும் ஃபீடரும் கொண்ட வடிவமே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது வயதில் வேலைக்கு ஓடும் ஒருவருக்கு அதே கணக்கு வேறு விடையைத் தருகிறது. நான் சொல்வது, மாறிச் செல்வதை நம்பி வரையப்பட்ட வலையமைப்பின் தரம் அதன் கோடுகளில் இல்லை, மாறும் இடங்களில் இருக்கிறது என்பதுதான்: அடுத்த வண்டி எப்போது வரும், எத்தனை படிகள், எத்தனை மீட்டர், கூரை உண்டா.

முதல் கேள்வியில் சிங்கப்பூர் ஏட்டளவில் நல்ல மதிப்பெண் பெறுகிறது. பேருந்துச் சேவைகள் ஒப்பந்த முறைக்கு மாறும் என்று 2014இல் அறிவிக்கப்பட்டபோது வகுக்கப்பட்ட தரத்தின்படி, உச்ச நேரத்தில் எந்தத் தடத்திலும் இடைவெளி 15 நிமிடத்தை மீறக்கூடாது, குறைந்தது பாதித் தடங்களில் 10 நிமிடத்தை மீறக்கூடாது, ஃபீடர் பேருந்துகள் 6 முதல் 8 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். இதற்கு முன்பே, 2012இல் தொடங்கிய பேருந்துச் சேவை மேம்பாட்டுத் திட்டத்தின் மூலம் அரசு 1.1 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கி, படிப்படியாக 1,000 பேருந்துகளைக் கூடுதலாகச் சேர்த்தது. இடைவெளி குறையக் குறைய, பயணி நேர அட்டவணையை மறந்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பலாம். மாறிச் செல்லும் வடிவத்துக்கு இதுவே உயிர்நாடி. இரண்டு தடங்களும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடினால் ஒரு பயணத்தில் சராசரியாகப் பதினைந்து நிமிடம் காத்திருப்பிலேயே கழியும். ஆறு நிமிட ஃபீடரும் மூன்று நிமிட ரயிலும் என்றால் அது நாலரை நிமிடம்.

சாலையில் நடப்பது வேறு கதை. பத்து நிமிட இடைவெளி என்று எழுதப்பட்ட தடத்தில் வண்டிகள் ஒழுங்காக வந்தால் பயணி சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அவை பதினாறு நிமிடம், நான்கு நிமிடம் என்று மாறி மாறி வந்தால்? அப்போதும் மணிக்கு ஆறு வண்டிகள்தாம், சராசரி இடைவெளியும் பத்து நிமிடம்தான். ஆனால் பதினாறு நிமிட இடைவெளிக்குள்தான் அதிகப் பேர் நிறுத்தத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பதால் சராசரிக் காத்திருப்பு 6.8 நிமிடமாகிவிடுகிறது. இரண்டு வண்டிகள் ஒட்டிக்கொண்டே வந்தால் முழுப் பத்து நிமிடம். தாமதமான வண்டியில் கூட்டம் ஏறுகிறது, கூட்டம் ஏறுவதால் அது மேலும் தாமதமாகிறது, பின்னால் வரும் வண்டிக்கு ஆள் இல்லாமல் அது முன்னதைப் பிடித்துவிடுகிறது. தடம் நீள நீள இந்த நோயும் முற்றுகிறது. 2014இல் நிலப் போக்குவரத்து ஆணையம் கொண்டுவந்த சேவை நம்பகத்தன்மைத் திட்டம், அட்டவணைப்படி காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு மேல் பயணி எவ்வளவு காத்திருந்தார் என்பதை அளந்து நிறுவனங்களுக்கு ஊக்கத்தொகையும் அபராதமும் விதித்தது. சரியான இடத்தில் வைக்கப்பட்ட அளவுகோல் என்பேன். மணிக்கு எத்தனை வண்டி விட்டீர்கள் என்று கேட்டால் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டும் இரண்டாகவே எண்ணப்படும். பயணியின் காத்திருப்பை அளந்தால் அவை ஒன்றாகச் சுருங்கிவிடும்.

நீண்ட தடங்களுக்கு இத்தகைய நோய் இருப்பதால்தான், புதிய ரயில் பாதை திறக்கும்போதெல்லாம் அதற்கு இணையாக ஓடும் பேருந்தைக் குறைக்கும் பேச்சு எழுகிறது. 2023 நவம்பரில் 167ஆம் எண்ணுக்கு நேர்ந்ததை இங்கே பலரும் மறந்திருக்கமாட்டார்கள். செம்பவாங்கிலிருந்து அப்பர் தாம்சன், ஆர்ச்சர்ட் வழியாகப் புக்கிட் மேரா வரை செல்லும் அந்தத் தடம், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதை வந்த பிறகு டிசம்பர் 10 முதல் நிறுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது; குடியிருப்பாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, 30 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்ற அளவில் தக்கவைக்கப்பட்டது. பேருந்துச் சேவைகளுக்கு ஆண்டுதோறும் சுமார் ஒரு பில்லியன் வெள்ளி மானியம் தரும் அரசு, ஆள் குறைந்த வண்டிகளை வேறிடத்துக்கு மாற்ற நினைப்பதில் தவறு காண முடியாது. புதிய பேட்டைகளில் வண்டியே இல்லாமல் காத்திருப்பவர்களும் குடிமக்கள்தாம்.

ஆனாலும் முப்பது நிமிட இடைவெளி என்பது அரைகுறைத் தீர்வு. பொருளியலாளர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் காட்டியபடி, ஒரு தடத்தில் பயணி கூடினால் வண்டி கூடுகிறது, வண்டி கூடினால் ஏற்கெனவே இருக்கும் பயணிகளின் காத்திருப்பும் குறைகிறது. இதைத் தலைகீழாக ஓட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பது தெளிவு: வண்டி குறைய, காத்திருப்பு நீள, பயணி விலக, வண்டி இன்னும் குறையும். முப்பது நிமிடத்துக்கு ஒன்று என்று முடிவுசெய்துவிட்டால், குறைந்தபட்சம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 9.12, 9.42 என்று நேரத்தை அச்சிட்டு ஒட்டி, அதைத் தவறாமல் காப்பாற்ற வேண்டும். இடைவெளி நீண்ட தடத்தில் பயணிக்குத் தேவைப்படுவது இடைவெளி பற்றிய தகவல் அன்று, கடிகார நேரம். கைப்பேசிச் செயலி வண்டி வரும் நேரத்தைச் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அது வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நாளைத் திட்டமிட உதவாது, என் அம்மாவைப் போன்றவர்கள் அதைத் திறப்பதும் இல்லை.

ரயிலுக்கு இணையான தடங்களைப் பற்றிய சர்ச்சையில் நாம் மூழ்கிக்கிடக்கும்போது, ரயில் போகாத திசையில் ஓடும் தடங்களைப் பாராட்டத் தவறிவிடுகிறோம். என் கருத்தில் இந்த வலையமைப்பின் மாணிக்கம் 969. உட்லண்ட்சில் தொடங்கி, ஈசூனைத் தொட்டு, விரைவுச்சாலையில் ஏறித் தெம்பனிசில் இறங்குகிறது. ஈசூனிலிருந்து தெம்பனிசுக்கு ரயிலில் போக வேண்டுமானால் முதலில் தெற்கே இறங்கி, மாறி, பிறகு கிழக்கே ஏற வேண்டும். காட்டுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் வடக்கே நேராகப் போகும் பாதை ரயிலுக்கு இன்னும் இல்லை. குறுக்குத் தீவு ரயில் பாதையின் முதல் கட்டம் 2030இல் திறக்கும்போது அங் மோ கியோவும் ஹவ்காங்கும் பாசிர் ரிஸ்ஸும் இணையும். வடக்கு ஓரத்து நகரங்களுக்கு அப்போதும் 969 தேவைப்படும். உட்லண்ட்சிலிருந்து சாங்கி விமான நிலையம் சென்று திரும்பும் 858ஐயும் இந்த வரிசையில் சேர்க்கலாம். எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தத் தடத்தில் முன்னே சொன்ன ஒட்டிக்கொள்ளும் நோய்க்கு இடம் ஏராளம் என்றாலும், நள்ளிரவு வேலை முடிந்து வருபவர்களும் பெட்டியோடு ஊருக்குப் போகிறவர்களும் அதில் ஏறும்போது முகத்தில் தெரியும் நிம்மதி பொய் அன்று. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட பேருந்து இணைப்பு மேம்பாட்டுத் திட்டம் எட்டு ஆண்டுகளில் 900 மில்லியன் வெள்ளி வரை செலவிடப் போகிறது. அந்தப் பணத்தில் நகர மையத்துக்குச் செல்லும் விரைவுத் தடங்கள் கூடுவது நல்லதுதான். என்னைக் கேட்டால், விளிம்பு நகரிலிருந்து விளிம்பு நகருக்கு ஓடும் 969 போன்ற தடங்களுக்கே முதல் பங்கைத் தருவேன்.

ஃபீடர் தடங்களைப் பற்றி ஒரு மனக்குறை. அவற்றில் பல ஒரே திசையில் சுற்றும் வளையங்கள். சந்திப்பு நிலையத்திலிருந்து கிளம்பும்போது மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கும் பயணிக்கு வளையம் வரம். திரும்பி நிலையத்துக்குப் போகும்போது அதே பயணி பேட்டை முழுவதையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர வேண்டும். என் தங்கை குடியிருக்கும் பேட்டையில் நிலைமை இதுதான். அவள் வீட்டிலிருந்து நிலையம் பன்னிரண்டு நிமிட நடை, வண்டியில் போனாலும் ஏறத்தாழ அதே நேரம். வளையத்தை இருபுறமும் ஓட்டினால் தீர்ந்துவிடும், ஆனால் அதே வண்டிகளை இரண்டாகப் பங்கிட வேண்டும் என்பதால் ஒவ்வொரு திசையிலும் இடைவெளி இரட்டிப்பாகும். ஆகவே எல்லா வளையங்களையும் மாற்றச் சொல்வது நியாயமில்லை. வளையம் நீளமாக இருக்கும் இடங்களில் மட்டும், அதை நடுவில் வெட்டி நேரான இரண்டு சிறு தடங்களாக்குவது பற்றி யோசிக்கலாம்.

இத்தகைய முடிவுகளை எடுக்கத் தேவையான தரவு பல நகரங்களைவிட இங்கே வளமாகக் கிடைக்கிறது. லண்டன் பேருந்தில் ஏறும்போது மட்டும் அட்டையைத் தட்டினால் போதும்; இறங்கிய இடத்தை அங்குள்ள திட்டமிடுவோர் ஊகிக்க வேண்டும். நம் கட்டணம் தொலைவைப் பொறுத்தது என்பதால் நாம் இறங்கும்போதும் தட்டுகிறோம். ஏறிய இடம், இறங்கிய இடம், மாறிய இடம், மாறுவதற்கு இடையே கழிந்த நிமிடம் எல்லாம் பதிவாகின்றன. மாதந்தோறும் எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு, எந்த மணி நேரத்தில் எத்தனை பேர் சென்றார்கள் என்ற தொகுப்பை ஆணையம் தன் டேட்டாமால் தளத்தில் பொதுமக்களுக்கும் தருகிறது. அதைத் திறந்து பார்த்தால் சலிப்பே வராது; வார இறுதி மாலைகளில் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையை நோக்கி எண்கள் நகர்வதை ஒரு திருவிழா ஊர்வலம் போலப் பார்க்கலாம்.

ஆனால் இந்தத் தரவு தட்டியவர்களை மட்டுமே அறியும். படிக்கட்டைப் பார்த்து மலைத்து வீட்டிலேயே தங்கிவிட்டவர், டாக்சிக்கு மாறியவர், மகனைக் காரில் கொண்டுவிடச் சொன்னவர் ஆகியோர் எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு நீண்ட தடத்தை வெட்டிய பிறகு பயணிகளில் பெரும்பாலோர் ரயிலில் தட்டுவதைக் காட்டி மாற்றம் வெற்றி என்று சொல்லிவிடலாம். தட்டாமல் நின்றுவிட்ட சிலரில் மூத்தோர் எத்தனை பேர் என்பதைத் தனியே தேட வேண்டும். சலுகை அட்டையின் வகை பதிவாகிறது என்பதால் அது முடியாத காரியமும் அன்று. அடுத்த முறை ஒரு தடம் குறைக்கப்படும்போது, அதில் வழக்கமாகச் சென்ற மூத்தோர் அட்டைகளில் எத்தனை மறுமாதம் வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே வந்தன என்ற எண்ணை வெளியிட்டால், அந்த ஒரு எண் கூட்டங்களில் நடக்கும் பாதி வாக்குவாதத்தை முடித்துவைக்கும்.

யார் தடத்தை வரைகிறார் என்பதிலும் நம் நிலை தெளிவானது: நிலப் போக்குவரத்து ஆணையம்தான். 2016 முதல் தீவு 14 ஒப்பந்தத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வண்டிகளும் பணிமனைகளும் அரசுடையவை, கட்டணமும் அரசுக்கே, நிறுவனங்கள் ஒப்பந்தம் பெற்று ஓட்டிக் கொடுத்துச் சேவைக் கட்டணம் பெறுகின்றன. ஆகவே தடம் பற்றிய புகாரை வண்டி ஓட்டுபவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் தன் கையில் கொடுத்த கோட்டின் மேல் ஓட்டுகிறார்.

இரவுச் சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2020 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட நள்ளிரவுப் பேருந்துகள் திரும்பவில்லை. கடைசி ரயிலைத் தவறவிட்டவருக்கு டாக்சிதான் கதி. கைப்பேசியில் கூப்பிட்டால் வரும் பேருந்தை 2018 டிசம்பர் முதல் சுமார் ஆறு மாதம் சோதித்துப் பார்த்து, செலவு கட்டுப்படியாகவில்லை என்று விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒருவரை ஏற்ற ஒருமுறை வளையும் வண்டி, மற்றவர்களின் நேரத்தைத் தின்றுதான் அதைச் செய்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று, மாறும் இடங்களுக்கானது. அவசரக்காரர்களுக்கு என் ஆலோசனை: நகர மையத்துக்கு ரயில், வடக்கிலிருந்து கிழக்குக்கு 969, ஃபீடர் வளையத்தின் வால் பகுதியில் இருந்தால் நடந்தே போய்விடுவது.

கணக்கை முடித்த வாரத்தில் அம்மாவிடம் காகிதத்தைக் காட்டி, நீங்கள் சொன்னது சரிதான் என்றேன். “அதுக்கு இவ்வளவு எழுதணுமா?” என்றவர், மறுநாள் கீரையும் மாங்காயும் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். 67இன் மேல்தளத்துக்கு ஏறலாமா என்று கேட்டேன். படி ஏறுவதற்கும் மூன்று மடங்குதானே கணக்கு என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்து முன்னிருக்கையில் அமர்ந்துகொண்டார்.